பங்குக் கணக்குக்கு ஒரு சோதனைச் சட்டகம்: திருகோணமலையில் ஓகேமலுக்காகச் செய்த தேர்வு

திருகோணமலை கொட்பே துறைமுகத்தை அண்டித் தொழில் செய்யும் படகுகளுக்குப் பங்குக் கணக்குப் பார்க்க ஒரு மென்பொருள் எழுதினோம். மொழி ஓகேமல், ஃபங்ஷன்களை அடிப்படையாகக் கொண்ட ஒரு ஃபங்ஷனல் நிரல் மொழி. அதற்கு அலகுச் சோதனை (நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியும் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சோதனை) எழுத எந்தச் சட்டகத்தை, அதாவது சோதனைகளை எழுதி ஓட்ட உதவும் கருவியை, எடுப்பது என்று ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்த கதை இது. ஃபங்ஷனல் மொழியில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு விதிகளுக்கு அல்கோடெஸ்ட் என்ற சட்டகத்தை எடுத்தோம், உள்ளீடுகளைத் தானே உருவாக்கிச் சோதிக்கும் கியூசெக்கையும் அதற்குள்ளேயே சேர்த்து ஓட்டுகிறோம். அச்சாகி வரும் கணக்குத் துண்டுக்கு மட்டும், அச்சாக வேண்டியதை முன்பே எழுதிவைத்து ஒப்பிடும் எக்ஸ்பெக்ட் வகைச் சோதனை. ஓயூனிட் என்ற மூன்றாவது சட்டகத்தை விட்டுவிட்டோம். மூன்றிலும் ஒரே விதிகளுக்குச் சோதனை எழுதிப் பார்த்த பிறகுதான் இந்த முடிவு. சோதனை பச்சையாக ஓடும்போது, அதாவது தேறும்போது, மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தோற்றுச் சிவப்பாகும்போது திரையில் என்ன வருகிறது, அதை யாரால் வாசிக்க முடிகிறது என்பதில்தான் வித்தியாசம் எல்லாம் இருக்கிறது.

கணக்கு என்ன

மீன் விற்ற காசில் முதலில் எண்ணெய், ஐஸ், சாப்பாடு, இரை என்று செலவு கழியும். மிஞ்சுவதில் பாதி படகுக்கும் வலைக்கும், அதாவது அவற்றின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு. மற்றப் பாதி தொழிலுக்குப் போன ஆட்களுக்கு. ஓட்டிக்கு ஒன்றரைப் பங்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. நாங்கள் வேலை செய்த இடத்து வழக்கம் இது. கரைவலைக்கு வேறு கணக்கு, பலநாள் படகுக்கு வேறு கணக்கு, சில இடங்களில் சம்மாட்டிக்குச் சம்மாட்டி கணக்கே மாறும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து இங்கே தொழிலுக்கு வருகிறவர்கள் தங்கள் வழக்கத்தையும் கொண்டுவருவார்கள். அதனால் துண்டு தமிழிலும் சிங்களத்திலும் அச்சாக வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. விற்பனை 184,350 ரூபாய், செலவு 61,650. மிச்சம் 122,700. ஆட்களின் பாதி 61,350. ஓட்டியும் நான்கு பேரும் போயிருந்தால் மொத்தம் ஐந்தரைப் பங்கு. ஒரு பங்கு 11,154 ரூபாய் 54 சதம், ஓட்டிக்கு 16,731 ரூபாய் 81 சதம். கையில் கொடுக்கும்போது பத்து ரூபாய்க்குக் கீழே உள்ளதை விட்டுவிடுவார்கள். அப்படியென்றால் நான்கு பேருக்கு 11,150 வீதம், ஓட்டிக்கு 16,730. கூட்டினால் 61,330. மீதி 20 ரூபாய் படகின் பக்கம் போய்ச் சேரும், படகுக்கு 61,370.

இந்த 20 ரூபாய் எங்கே போனது என்பது எனக்கு மிக முக்கியமான கேள்வி. தொகை சின்னதுதான். ஆனால் இரவு முழுக்கக் கடலில் நின்றுவிட்டு வருகிற ஒருவருக்குத் தன் துண்டில் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் காட்டப்பட வேண்டும். கொப்பியில் எழுதும் கணக்கப்பிள்ளையிடம் நேரே கேட்கலாம், அவர் விளக்குவார். கணினி அச்சடித்த துண்டிடம் கேட்க முடியாது. அதனால் அதை எழுதுகிற நாங்கள் முன்கூட்டியே எல்லாக் கேள்வியையும் கேட்டுவைக்க வேண்டும். அலகுச் சோதனையை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

எதைச் சோதிக்கத் தேவையில்லை

சட்டகம் தேடும்போது பலர் முதலில் பார்ப்பது அதன் வசதிப் பட்டியலை. ஃபங்ஷனல் மொழிக்கு வந்ததும் அந்தப் பட்டியலில் பாதிக்கு வேலை இல்லாமல் போகிறது.

எங்கள் கணக்கு முழுவதும் தூய ஃபங்ஷன்கள். விற்பனை, செலவு, ஆட்களின் பட்டியல், விதி ஆகியவை உள்ளே போகும், பங்குகள் வெளியே வரும். நடுவில் தரவுத்தளம் இல்லை, நேரம் பார்ப்பது இல்லை, கோப்பு திறப்பது இல்லை. ஆகவே போலிப் பொருட்களை உருவாக்கித் தரும் மாக் வசதி ஒரு சட்டகத்தில் இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டியதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் சூழலைத் தயார்செய்யும் ஏற்பாடும் அப்படியே. ஜாவா மொழியில் ஜேயூனிட் என்ற சட்டகத்தோடு வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் வெறுமையாகத் தெரியும். எங்கள் தம்பி ஒருவர், குழுவில் இளையவர், "அண்ணா, செட்டப் எங்க எழுதுறது?" என்று தேடிக்கொண்டிருந்தார். எழுத எதுவும் இல்லை என்பதுதான் பதில்.

இன்னொரு பகுதியை மொழியின் தரவு வகைகளே (டைப்) பார்த்துக்கொள்கின்றன. தொழில் வகையை ஒரு வேரியண்டாக, அதாவது இன்னின்னவை மட்டுமே உண்டு என்ற பட்டியலாக, எழுதிவிட்டால், புதிதாக ஒரு வகையைச் சேர்க்கும்போது அதைக் கையாளாத ஒவ்வொரு இடத்தையும் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் சுட்டிக்காட்டும். ரூபாயையும் கிலோவையும் தனித்தனி வகையாக வைத்தால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்கவே முடியாது. இவற்றுக்குச் சோதனை எழுதுவது வீண் வேலை.

மிஞ்சுவது எண்கள். வகை சரியாக இருந்தும் தொகை பிழையாக இருக்கலாம். அதைப் பிடிக்கச் சட்டகத்திடம் நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: இரண்டு மதிப்புகள் சமமா என்பதை எப்படித் தீர்மானிக்கிறாய், சமமில்லை என்றால் எப்படிக் காட்டுவாய், நாங்கள் நினைத்தே பார்க்காத உள்ளீடுகளை எங்கிருந்து கொண்டுவருவாய்.

எலிக்சிர் போன்ற மொழியில் இந்தத் தேர்வே பெரிதாக எழாது, எக்ஸ்யூனிட் மொழியோடேயே வருகிறது. ஹாஸ்கெல்லில் ஹெச்யூனிட், எச்ஸ்பெக், டேஸ்டி என்று ஒரு வரிசை உண்டு. எஃப் ஷார்ப்பில் எக்ஸ்பெக்டோ பலருக்குப் பிடித்தது. ஓகேமலின் அடிப்படை லைப்ரரியில் சோதனைச் சட்டகம் எதுவும் இல்லை, ஆகவே நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். டியூன் என்ற கட்டுமானக் கருவி எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ஓட்டிவிடும் என்பதால் ஓட்டும் விதத்தில் பெரிய வேறுபாடு வராது.

ஓயூனிட்

மூன்றில் மூத்தது இது. ஹாஸ்கெல்லின் ஹெச்யூனிட்டைப் பார்த்து எழுதப்பட்டது. அந்த வழியில் ஜேயூனிட் குடும்பத்துக்குச் சொந்தம். கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்று சொல்லுமளவுக்கு எளிது. நிறுவும்போது கூட இழுத்துவரும் லைப்ரரிகள் குறைவு. சோதனைகளைப் பல புரொசஸ்களில் பிரித்து ஓட்டும். சின்ன எடுத்துக்காட்டுகளுக்கு எங்களுக்கு அது நன்றாகவே பிடித்திருந்தது.

பிரச்சினை, இரண்டு மதிப்புகளை ஒப்பிடும் அதன் அசெர்ட் ஈக்குவல் ஃபங்ஷனில் தொடங்கியது. எப்படி ஒப்பிடுவது என்று நாம் சொல்லாவிட்டால் அது ஓகேமலின் பொதுச் சமக்குறியை வைத்து ஒப்பிடும். எப்படி அச்சிடுவது என்று சொல்லாவிட்டால், தோற்கும்போது சமமில்லை என்ற செய்தி மட்டும் வரும். எந்தத் தொகை, யாருடைய பங்கு, எவ்வளவு வித்தியாசம் எதுவும் தெரியாது. அதற்கான பிரிண்டரை, அதாவது மதிப்பை எழுத்தாக்கித் தரும் ஃபங்ஷனை, நாமே கொடுக்கலாம், கொடுத்தோம். அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது.

ஆள் பெயரையும் தொகையையும் ஒரு மேப்பில், அதாவது பெயரைக் கொடுத்தால் தொகையைத் தரும் அமைப்பில், வைத்திருந்தோம். ஓகேமலின் மேப் உள்ளே ஒரு சமநிலை மரம். ஒரே ஆட்கள், ஒரே தொகைகள் இருந்தாலும் எந்த வரிசையில் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து மரத்தின் வடிவம் மாறலாம். இரண்டு பேரை மட்டும் வைத்துப் பாருங்கள்: முதலாமவரை முதலில் சேர்த்தால் அவர் வேரில், இரண்டாமவர் வலக் கிளையில். மாற்றிச் சேர்த்தால் இரண்டாமவர் வேரில், முதலாமவர் இடக் கிளையில். பொதுச் சமக்குறி பார்ப்பது மரத்தின் வடிவத்தை. ஆகவே சமமில்லை என்கிறது. பிரிண்டரோ ஆட்களை வரிசையாக அச்சிடுகிறது. திரையில் எதிர்பார்த்ததும் கிடைத்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆனால் சோதனை தோல்வி. புதிதாக வருகிற ஒருவர் இதைப் பார்த்தால் கணக்கின் மேலேயே சந்தேகப்படுவார், சட்டகத்தின் மேல் சந்தேகம் வராது.

மேப்புக்கென்று இருக்கும் சம ஃபங்ஷனை ஒப்பீடாகக் கொடுத்தால் இது தீரும். அந்த வசதி ஓயூனிட்டில் இருக்கிறது. ஆனால் கட்டாயம் இல்லை. மறந்தால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. வகைகளை நம்பி ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சோதனையில் மட்டும் ஞாபக சக்தியை நம்பி இருப்பது எனக்கு ஒவ்வவில்லை.

அல்கோடெஸ்ட்

மிராஜ் ஓஎஸ் என்ற இயங்குதளத் திட்டத்தோடு சேர்ந்து வளர்ந்தது அல்கோடெஸ்ட். இதில் ஒரு ஒப்பீடு எழுத வேண்டுமென்றால் முதலில் ஒரு டெஸ்டபிள் கொடுக்க வேண்டும். டெஸ்டபிள் என்பது இரண்டு ஃபங்ஷன்களின் சேர்க்கை: இந்த வகையை எப்படி அச்சிடுவது, இந்த வகையில் இரண்டு மதிப்புகள் எப்போது சமம். முழு எண், சரம், பட்டியல் போன்றவற்றுக்குத் தயாராகவே இருக்கின்றன. பின்ன எண்ணுக்குக் கேட்டால் எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துத்தான் கேட்கும். நம்முடைய சொந்த வகைகளுக்கு நாம் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் கம்பைல் ஆகாது.

ஆரம்பத்தில் இது அலுப்பாகத் தெரிந்தது. ஒரு வரி ஒப்பீட்டுக்கு முன் சில வரிகள் தயாரிப்பு வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சில வரிகளை எழுதும்போது நாங்கள் பேசிய பேச்சுதான் இந்த முழுத் தேர்விலும் பயன் தந்தது. இரண்டு கணக்குத் துண்டுகள் எப்போது சமம்? ஆட்களின் வரிசை முக்கியமா? துண்டு எண் வேறாக இருந்து தொகைகள் ஒன்றாக இருந்தால்? முற்பணம் பூச்சியம் என்று எழுதியிருப்பதும் முற்பண வரியே இல்லாததும் ஒன்றா? கடைசிக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை, கணக்கப்பிள்ளையிடம் போனோம். "இல்லை தம்பி, பூச்சியம் எண்டு எழுதினா அவன் வாங்கித் திருப்பிக் கட்டி முடிச்சவன். வரியே இல்லையெண்டா வாங்காதவன்" என்றார். அவருக்கு அது இரண்டு வேறு மனிதர்கள். எங்கள் நிரலில் அதுவரை இரண்டும் ஒன்றாக இருந்தது, பிறகு பிரித்தோம்.

டெஸ்டபிளில் சோம்பலாகப் பொதுச் சமக்குறியைப் போட்டுவிட்டால் ஓயூனிட்டில் கண்ட அதே மரச் சிக்கல் இங்கேயும் வரும். அல்கோடெஸ்ட் அதைத் தடுக்காது. ஆனால் அந்த இடத்தில் ஏதோ ஒன்றை எழுதியே ஆக வேண்டும் என்பதால் மற்றவர் நிரலைப் பார்க்கும்போது கண்ணில் படும்.

அச்சிடும் பக்கத்தில் தமிழுக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாங்கள் ஓட்டிய பதிப்பில் சரத்துக்கான தயார் டெஸ்டபிள், மேற்கோள் குறிக்குள் எஸ்கேப் செய்து, அதாவது சில எழுத்துகளைக் குறியீடாக மாற்றி, அச்சிடுகிறது. ஓகேமலில் சரம் என்பது பைட்டுகளின் வரிசை. ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தக்குறி போன்றவை அல்லாத ஒவ்வொரு பைட்டும் அந்த வடிவத்தில் மூன்று இலக்க எண்ணாக மாறிவிடும். யூடிஎஃப் 8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அதனால் ஓட்டி என்ற பெயர் திரையில் 224, 174 என்று தொடங்கும் எண் வரிசையாக நிற்கிறது. சிங்களப் பெயர்களுக்கும் இதே கதி. சோதனை சரியாகத்தான் தோற்கிறது, ஆனால் வாசிக்க முடியாது. எஸ்கேப் செய்யாமல் அப்படியே அச்சிடும் ஒரு சொந்த டெஸ்டபிளை எழுதி, திட்டம் முழுவதும் அதையே பயன்படுத்தினோம். ஒரு வரி வேலை. தமிழில் தரவு வைத்திருக்கும் எவரும் முதல் நாளிலேயே செய்துவிட வேண்டியது இது.

அதன் பிறகு திரை பேசத் தொடங்கியது. எதிர்பார்த்தது ஒரு வரி, கிடைத்தது அடுத்த வரி. ஓட்டி 16,730, ஆள் 11,150, மீதி 20 என்று எங்கள் பிரிண்டர் எழுதித் தரும். கணக்கப்பிள்ளை ஐயா நிரல் வாசிக்க மாட்டார். ஆனால் இந்த இரண்டு வரியை வாசித்து, "ரெண்டாவதுதான் சரி, நீங்க எதிர்பார்த்ததுதான் பிழை" என்று ஒருமுறை சொன்னார். விதி தெரிந்தவரும் நிரல் தெரிந்தவரும் ஒரே திரையைப் பார்த்துப் பேச முடிந்தது. ஓயூனிட்டிலும் இதைச் செய்திருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம், அது உண்மைதான். அல்கோடெஸ்ட் அதைச் செய்ய வைத்தது.

இரண்டு பழக்கங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பல சோதனைகள் தோற்றாலும் அது இயல்பாக முதல் தோல்வியின் விவரத்தை மட்டும் காட்டும். எல்லாவற்றையும் பார்க்க அதற்குரிய தெரிவைக் கொடுக்க வேண்டும். சோதனை நடக்கும்போது நிரல் அச்சிடுவதைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவிடும், தோற்றால்தான் வெளியே எடுக்கும். இந்த இரண்டாவது எங்களுக்கு மிகவும் பிடித்தது.

கியூசெக், நட்டத்தில் வந்த படகு

எடுத்துக்காட்டு எழுதிச் சோதிப்பதில் ஒரு எல்லை உண்டு. நமக்குத் தோன்றிய எடுத்துக்காட்டைத்தான் எழுதுவோம். 2000 ஆம் ஆண்டில் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயன் கிளாசெனும் ஜோன் ஹியூஸும் ஹாஸ்கெல்லுக்கு குவிக்செக்கை வெளியிட்டார்கள். எடுத்துக்காட்டை எழுதாதே, எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய பண்பை எழுது, உள்ளீடுகளைக் கருவி எழுந்தமானமாக உருவாக்கிப் பார்க்கும் என்பது அதன் வழி. தோற்கும் உள்ளீடு கிடைத்ததும் அதைச் சுருக்கிச் சுருக்கி, இன்னும் தோற்கும் சிறிய வடிவத்தில் காட்டும். ஃபங்ஷனல் மொழிகள் நிரலாக்க உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடைகளில் இது ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிறகு பல மொழிகளுக்கும் போனது. ஓகேமலில் அதன் வாரிசு கியூசெக். இயல்பாக ஒரு பண்புக்கு 100 உள்ளீடுகளை ஓட்டும்.

நாங்கள் முதலில் எழுதிய பண்பு: படகின் தொகையையும் ஆட்களின் தொகைகளையும் கூட்டினால் மிச்சத் தொகை வர வேண்டும். ஒருபோதும் தோற்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்தது, ஆனால் தம்பி நிரலைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். படகுக்கு எவ்வளவு என்பதையே மிச்சத்திலிருந்து ஆட்களுக்குக் கொடுத்ததைக் கழித்துத்தானே எடுக்கிறோம், அப்படியென்றால் இது எப்படித் தோற்கும்? நியாயமான கேள்வி. ஆட்களுக்கு என்ன முட்டாள்தனமான தொகையைக் கொடுத்தாலும் அந்தக் கூட்டல் சரியாகவே வரும். பண்பு சோதனையில் இதுதான் பெரிய பொறி: நிரல் எழுதப்பட்ட விதத்தாலேயே உண்மையாகிவிடும் பண்பு எதையும் காவல் காக்காது.

வேறு பண்பு தேடினோம். ஆட்களின் பாதியில் கையில் கொடுத்தது போக மீதி இருக்கிறதே, அது பூச்சியத்துக்குக் குறையக் கூடாது, ஆள் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால் வரும் ரூபாயைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் விடுபடுவது பத்து ரூபாய்க்குக் குறைவு என்பதால் இந்த எல்லை. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஐந்து பேர், எல்லை 50, மீதி 20. சரி.

உடனே தோற்றது. கியூசெக் சுருக்கிக் காட்டிய உள்ளீடு: விற்பனை பூச்சியம், செலவு 2 சதம், ஆள் ஒருவர். மீதி பூச்சியத்தைவிட ஒரு சதம் குறைவு.

விஷயம் இதுதான். செலவு விற்பனையை மிஞ்சினால் மிச்சம் எதிர்மறை எண். ஓகேமலில் முழு எண் வகுத்தல் பூச்சியத்தை நோக்கி வெட்டும், கீழ்நோக்கி அல்ல. நேர்மறை எண்ணுக்கு இரண்டும் ஒன்று. எதிர்மறைக்கு அப்படியில்லை: கீழே வெட்டுகிறோம் என்று நினைத்த இடத்தில் அது மேலே வெட்டுகிறது. செலவு 1 சதமாக இருந்திருந்தால் பாதியாக்கும்போதே பூச்சியமாகியிருக்கும், தோற்றிருக்காது. அதனால்தான் 2 சதம் என்ற அந்தச் சின்ன எண் வந்து நின்றது. ஒரு பெரிய படகின் பெரிய நட்டக் கணக்கைக் காட்டியிருந்தால் அதில் எந்த எண் குற்றவாளி என்று தேடவே நேரம் போயிருக்கும்.

வகுத்தலைத் திருத்துவது எளிது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நட்டத்தில் ஆளுக்குப் பங்கு உண்டா? நிரல் அந்த நிலையில் ஆட்களின் பங்கை எதிர்மறையாகக் காட்டிக்கொண்டிருந்தது, அதாவது கடலுக்குப் போய் வெறுங்கையோடு வந்தவர் கடன்காரர் ஆகிறார். ஐயாவிடம் கேட்டபோது அவர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "நட்டம் வந்தா ஆளிட்ட எப்பிடித் தம்பி வாங்கிறது? அது படகின்ட கணக்கில நிக்கும். அடுத்த தொழிலில செலவோட சேத்து முதலில கழியும்." கொப்பியில் அவர் எப்போதும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறார். யாரும் கேட்காததால் விதியாக எழுதப்படவில்லை. இப்போது அது நிரலில் தனி வகையாக இருக்கிறது: லாபம் வந்த பயணம், நட்டம் வந்த பயணம். நட்டத்தில் ஆட்களின் தொகை பூச்சியத்துக்குக் கீழே போகும் நிலையை எழுதவே முடியாது.

சட்டகத் தேர்வுக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், கியூசெக்கை ஓயூனிட்டோடும் இணைக்கலாம், அல்கோடெஸ்ட்டோடும் இணைக்கலாம், இரண்டுக்கும் பாலம் இருக்கிறது. அந்த வகையில் இது சமன். ஆனால் அல்கோடெஸ்ட்டில் விரைவுச் சோதனை, மெதுவான சோதனை என்று பிரிக்கலாம் என்பது கை கொடுத்தது. நிரல் எழுதும்போது விரைவானவை மட்டும், நாள் முடிவில் எல்லாம். கவனம்: கியூசெக் பண்புகள் பாலத்தின் வழியே வரும்போது இயல்பாக மெதுவான வகையில்தான் சேர்கின்றன. விரைவானவற்றை மட்டும் ஓட்டிப் பச்சை பார்ப்பவர், பண்புகள் எதுவும் ஓடவில்லை என்பதை உணராமல் போகலாம். முக்கியமான சில பண்புகளை நாங்கள் விரைவு வகைக்கு மாற்றினோம்.

கியூசெக்கில் பழைய முறை, புதிய முறை என இரண்டு உண்டு. பழையதில் உள்ளீட்டை உருவாக்குவது ஒரு ஃபங்ஷன், சுருக்குவது வேறு ஃபங்ஷன். ஆள் எண்ணிக்கை ஒன்றுக்குக் குறையாமல் உருவாக்கிவிட்டு, சுருக்கும்போது பூச்சியத்துக்குப் போனால் பூச்சியத்தால் வகுத்த பிழை வரும், உண்மையான காரணம் மறைந்துவிடும். கியூசெக் 2 முறையில் சுருக்குதல் உருவாக்குதலோடு பிணைந்தது, எல்லையை மீறாது. புதிதாகத் தொடங்குபவர் நேரே இதற்கே போகலாம்.

எக்ஸ்பெக்ட் சோதனை, துண்டின் முகம்

ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனத்தின் பிபிஎக்ஸ் எக்ஸ்பெக்ட் வேறு மாதிரி. நிரலுக்குள்ளேயே, அச்சாக வேண்டியதை அப்படியே எழுதி வைப்போம். ஓட்டும்போது வேறாக வந்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வரி வரியாகக் காட்டும். புதியதே சரி என்றால் டியூனின் ப்ரொமோட் கட்டளை, எழுதி வைத்திருந்ததை மாற்றிவிடும்.

கணக்குத் துண்டுக்கு இது அற்புதமாகப் பொருந்தியது. முதல் ஓட்டத்திலேயே தொகைகள் நேர்கோட்டில் நிற்கவில்லை என்பது கண்ணில் பட்டது. ஓகேமலின் அச்சு வடிவத்தில் இருபது இடம் விடு என்றால் அது பைட்டுகளை எண்ணுகிறது. ஓட்டி என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைட்டில் 15. ஐஸ் 9. ஆகவே ஒவ்வொரு வரியிலும் தொகை வேறு இடத்தில் தொடங்கியது. தொகையை இடப்பக்கமும் பெயரை வலப்பக்கமும் மாற்றிப் போட்டோம். இலக்கங்கள் ஒரு பைட் என்பதால் வரிசை நேராகிவிட்டது, தமிழிலும் சிங்களத்திலும். சமமா இல்லையா என்று மட்டும் சொல்லும் சோதனை இதை ஒருபோதும் காட்டியிருக்காது.

கணக்கு விதிகளுக்கும் இதையே பயன்படுத்தலாமா என்று பார்த்தோம், வேண்டாம் என்று முடிவு செய்தேன். ப்ரொமோட் அத்தனை இலகு. விதியை மாற்றியதும் நூறு வரி சிவப்பாகும், ஒரு கட்டளையில் எல்லாம் பச்சையாகும், அதில் பிழையான தொகை ஒன்று சேர்ந்துவிட்டால் பிறகு அதுவே உண்மையாக நிலைத்துவிடும். துண்டின் தோற்றம் பிழைத்தால் அடுத்த நாள் திருத்தலாம். ஒருவருடைய கூலி பிழைத்தால் அது அவர் வீட்டு அடுப்பில் தெரியும். அதனால் தொகைகளை மனிதர் ஒருவர் கையால் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. எக்ஸ்பெக்ட் சோதனையில்கூட, வேறுபாட்டை ஐயா பார்த்த பிறகுதான் ப்ரொமோட்.

நடைமுறையில் இன்னும் சில. பிபிஎக்ஸ் எக்ஸ்பெக்ட் கூடவே பல லைப்ரரிகளை இழுத்துவரும். லைப்ரரிகளை நிறுவித் தரும் ஓபாம் கருவி எல்லாவற்றையும் மூலத்திலிருந்து கட்டுவதால் பழைய மடிக்கணினியில் கணிசமான நேரம் எடுக்கும். இங்கே இணைப்பு எப்போதும் ஒரே சீராக இருக்காது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இப்படி நிரலுக்குள்ளேயே எழுதும் உள்வரிச் சோதனைகள் லைப்ரரிப் பகுதியில்தான் ஓடும், நேரே இயக்கப்படும் முதன்மை நிரலுக்குள் எழுத முடியாது. துண்டை அச்சிடும் பகுதியைத் தனி லைப்ரரியாகப் பிரித்தோம். எப்படியும் செய்திருக்க வேண்டிய வேலைதான் அது.

இப்போதைய நிலை

வாடைக்காலம் தொடங்கி, கடலுக்குப் போகும் படகுகள் குறைந்த மாதங்களில்தான் ஐயாவுக்கு எங்களோடு உட்கார நேரம் கிடைத்தது. அவருடைய பழைய கொப்பிகளிலிருந்து, பெயர்களை நீக்கிவிட்டு, விசித்திரமான கணக்குகளை எடுத்து அல்கோடெஸ்ட்டில் எடுத்துக்காட்டுகளாக எழுதினோம். இடையில் சுகவீனமாகிக் கரைக்கு அனுப்பப்பட்டவரின் பங்கு, வலை அறுந்த நாளின் செலவு, ஓட்டி இல்லாமல் வேறொருவர் ஓட்டிப் போன நாள். ஒவ்வொரு சோதனைக்கும் பெயர் தமிழில், ஐயா அதைச் சொல்லும் விதத்திலேயே. சோதனைப் பட்டியலை அவர் வாசித்து, விடுபட்டதைச் சொல்கிறார். பண்புகள் அதன் பக்கத்தில் தனிக் கோப்பில்.

அடுத்தது கரைவலை. அதில் ஆள் எண்ணிக்கை கூட, வலை இழுக்க வந்து பாதியில் போனவருக்கு என்ன, சிறுவர்களுக்கு மீனாகக் கொடுப்பதை எப்படி எழுதுவது என்ற கேள்விகள் இருக்கின்றன. மீனாகக் கொடுப்பதைத் தொகையாக்கிப் பங்கில் கழிப்பதா, செலவில் சேர்ப்பதா என்பதற்கு நிலாவெளிப் பக்கத்துச் சம்மாட்டிமார் இருவர் இரண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனி விதியாக வைத்து, கூட்டுத் தொகை எப்படியும் மாறக்கூடாது என்ற பண்பை இரண்டின் மேலும் ஓட்டும் கியூசெக் சோதனையைத் தம்பி எழுதிக்கொண்டிருக்கிறார்.